சத்யா சமைத்த கொடுவா

சென்னையின் பேர்பெற்ற உணவகத்தில், மஞ்சள் வெளிச்சம் விழும் மேசையில், ஜெகதாப்பட்டினத்து விசைப்படகுக்காரர் சேவுகன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். எதிரே, அகலத் தட்டின் நடுவில் ஒரேயொரு கொடுவா மீன் துண்டு. சமைத்தவள் அவர் மகள் சத்யா; இங்கே தலைமைச் சமையல்காரி. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நிற்கிறாள். இரண்டு விருது வாங்கியவள் அவர் விரல்களையே பார்க்கிறாள். அவள் சமையல் படிக்கக் கிளம்பியபோது, "மீன் கழுவறதுக்கு ஒனக்குக் காலேஜா?" என்று கேட்டுவிட்டுப் பத்து வருஷம் பேசாமலிருந்தவர் இன்றுதான் வந்திருக்கிறார். முள்கரண்டியை ஒதுக்கிவிட்டு விரலால் பிட்டு வாயில் போடுகிறார். நிதானமாக மெல்கிறார். சுற்றியிருக்கும் பேச்சு எதுவும் சத்யாவின் காதில் ஏறவில்லை. "பதம் தப்பல," என்கிறார். மிச்சத்தையும் தின்று முடித்துக் காலித் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, அடுத்த மேசைக்கும் கேட்கிற குரலில் சொல்கிறார்: "எம் மக சமையலு. இன்னொரு துண்டு கொண்டா ஆத்தா."