மாப்பிள்ளை வாட்ச்

"இதை மட்டும் யாருக்கும் வித்துராதீங்கம்மா" என்று சொல்லி, வாட்சை மஞ்சள் துணியால் துடைத்து இருளம்மாளின் உள்ளங்கையில் வைத்தான் மதன்குமார்.

வாங்க வந்தவனே இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் மனசு இளகாது? இருளம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மதன்குமாருக்குத் தேனியில் பழைய வாட்ச் வியாபாரம். எச்.எம்.டி. கம்பெனி வாட்ச் செய்வதை நிறுத்திய பிறகுதான் ஆட்களுக்கு அதன்மேல் பைத்தியம் பிடித்திருக்கிறது. அதிலும் கறுப்பு டயல் பைலட் மாடல் என்றால் பெங்களூர்க்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள். திருப்பூரில் இருக்கும் இருளம்மாளின் மகன் வாட்ஸப்பில் அனுப்பிய படத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அவன் கோம்பைக்கு பஸ் ஏறியிருந்தான்.

அவள் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்ததும், வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலோரம் போய், கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். "உள்ள மிஷினை யாரோ மாத்திருக்காக. வித்தா ஒண்ணும் தேறாது. ஆனா உங்களுக்கு இது பொக்கிஷம்மா" என்றான்.

"எனக்கும் விக்க மனசில்ல தம்பி. மகன்தான் சும்மாதான கெடக்குன்னு சொன்னான். எங்கப்பா சொல்லி வச்சு, மாசக்கணக்கா காத்துக் கெடந்து வாங்குன வாட்சு. அப்பல்லாம் எச்.எம்.டி. கட்டுனாத்தான் மாப்ள. இல்லாட்டி வெறும் ஆம்பள!"

சுவரில் தொங்கிய கல்யாணப் படத்தைக் காட்டினாள். அதில் அவள் கணவர் கருத்தக்கண்ணன், பக்கத்தில் நின்ற பெண்ணை மறந்துவிட்டு, வாட்ச் தெரியும்படி இடது கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார்.

"போன தையில போய்ச் சேந்துட்டாக. கடைசி வரைக்கும் அவுக கையில கெடந்தது இது ஒண்ணுதான். கண்ணு மங்கி எனக்கு முள்ளுகூடத் தெரியாது, ஆனாலும் தெனமும் சாவி குடுப்பேன்." வாட்சைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். "எம்புட்டுப் பளபளன்னு ஆக்கிட்டீக! கட்டுன அன்னைக்கு இருந்தாப்ல இருக்கு."

"வர்றேம்மா." மதன்குமார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

வாசலை மறித்துக்கொண்டு நாய் நின்றது. செவலை நிறம், கரிய மூஞ்சி, அசல் கோம்பை நாய். வரும்போது லேசாக மோந்துவிட்டு வழி விட்ட அதே நாய்தான். இப்போது பல்லைக் காட்டியது.

"ஏலே செவல, தள்ளுலே!" என்றாள் இருளம்மாள். அது காதிலேயே வாங்கவில்லை.

மதன்குமார் ஒரு காலை எடுத்து வைத்தான். பேன்ட்டின் கால்பகுதி பர்ரென்று கிழிந்தது. அலறிப் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"பின்வாசல் இருக்காம்மா?"

"ஏது? இந்த ஒரு வாசல்தான்."

ஜன்னலைப் பார்த்தான். கம்பி போட்டிருந்தது.

"கட்டியாவது போடுங்கம்மா!"

"அவுக இருந்தப்ப அவுக ஒருத்தருக்குத்தான் கட்டுப்பட்டுச்சு. பயப்படாதீக தம்பி, வந்து போறவுகள ஒண்ணும் செய்யாது. அவுக சாமான எடுத்துட்டுப் போனாத்தான் விடாது. அவுக சைக்கிள எம் மகனாலயே வெளிய உருட்ட முடியல."

மதன்குமார் பையை அவசரமாகக் கழற்றிக் கீழே போட்டான். "பைகூட இங்கனயே இருக்கட்டும். நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்."

நாய் பையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக வந்து அவன் தொடையை மோந்து, அடிவயிற்றிலிருந்து உறுமியது.

இருளம்மாளுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இத்தனை நல்ல மனுஷனை வீட்டுக்குள் சிறை வைத்தமாதிரி ஆகிவிட்டதே! யோசித்தவளுக்கு சட்டென்று ஒன்று தோன்றியது.

"வாட்சைக் கொண்டுபோறீகன்னு நெனச்சுக்கிருச்சு போல. தெனமும் நான் சாவி குடுக்கையில வந்து மோந்துட்டுத்தான் போகும். செத்தப் பொறுங்க."

குனிந்து, வாட்சை நாயின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பாருலே, இங்கனதான இருக்கு. ஆரும் கொண்டுபோகல."

செவலை அதை மோந்தது. ஒரு தும்மல் போட்டது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறுபடியும் மதன்குமாரின் பேன்ட் பாக்கெட்டுக்கே போய் நின்றது.

இருளம்மாள் கையிலிருந்த வாட்சையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மெல்ல நிமிர்ந்தாள்.

"தம்பி, அவுக வாட்சு எங்க?"