அடுத்து வருபவருக்கு

“அரிசியை எடுக்காதே, அங்கேயே வை.”

“நீங்க சும்மா இருங்க. தீப்பெட்டியும் எனக்கு வேணும்.”

பனிமலைக் குடிசையில் தங்கியவர்கள் அடுத்து வருபவருக்குக் கொஞ்சம் அரிசியும் தீப்பெட்டியும் வைத்துவிட்டுப் போவது வழக்கம். கணவன் வைத்ததையெல்லாம் அவள் பைக்குள் திணித்தாள்.

“யாரோ வச்சதைத்தானே நேத்து நாம தின்னோம்?”

“அதுக்காக?”

“இந்தக் குளிர்ல தீ இல்லேன்னா வர்றவன் விறைச்சுப் போயிடுவான்டி.”

“போகட்டும்” என்றாள். சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கீழே சரிவில் ஓர் உருவம் ஏறி வந்துகொண்டிருந்தது.

“தெரிஞ்சுதான் பேசுறீங்களா? சொல்லாம கொள்ளாம என்னைக் கட்டிக்கிட்டதுக்கு உங்களைச் சுட்டுத்தள்ள வர்றது எங்க அண்ணன்.”

அவன் பையை மெல்ல வாங்கிப் பிரித்தான்.

“அதான் சொல்றேன். மச்சான் நல்லாச் சாப்பிடுற ஆளு. இன்னொரு பிடி சேர்த்து வை.”