மற்றவர்

கதவைத் திறந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே, மாநிலத்தில் மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க வந்த தவச்செல்வி, 'சீனர்' கட்டத்தில் பென்சிலால் கோடிழுத்துவிட்டாள்.

"வாம்மா, பசியாறிட்டியா? நானும் என் பேத்தியுந்தான் இருக்கோம்" என்றாள் மாரியாயி.

தவச்செல்வி அவசரமாக அதை அழித்து 'இந்தியர்' கட்டத்தில் கோடிட்டாள். மாரியாயி பிறப்புச் சான்றிதழை நீட்டினாள். அதில் சீனர் என்றிருந்தது.

"பொறந்த பத்தாம் நாளே ரப்பர் தோட்டத்துல ஒரு தமிழ்க் குடும்பத்துக்கிட்ட வளக்கக் குடுத்துட்டாங்க. பேரு வச்சது, காது குத்துனது, தாலி கட்டுனது எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

மறுபடி அழித்தாள். "அப்ப 'மற்றவர்'னு போட்டுடவாம்மா?"

"யாருக்கு மத்தவங்க?"

தவச்செல்விக்கு இன்னும் பதினெட்டு வீடுகள் பாக்கி. கோடிட்டாள், அழித்தாள், திரும்பவும் கோடிட்டாள். கட்டங்கள் இருந்த இடத்தில் தாள் தேய்ந்து ஓட்டை விழுந்தது. ஆளுக்கு ஒரு தாள். அடியிலிருந்த தாளும் அதே இடத்தில் கிழிந்திருந்தது.

மாரியாயி குனிந்து ஓட்டைக்குள் பார்த்தாள்.

"அந்தத் தாள் யாருக்கும்மா?"

"உங்க பேத்திக்கு. இன்னும் பேருகூட எழுதல."