இழுத்துப் பார்த்தவள்

தூக்கணாங்குருவிகளில் மாப்பிள்ளை பெண் பார்க்கப் போவதில்லை. அவன் பாதிக் கூடு கட்டிவிட்டுக் காத்திருப்பான். பெண் வந்து அலகால் இழுத்துப் பார்த்துத்தான் சம்மதம் சொல்வாள்.

மஞ்சத்தலையனுக்கு இது மூன்றாவது கூடு. முந்தைய இரண்டையும் வந்தவர்கள் இழுத்துப் பார்த்து, வேண்டாம் என்று போய்விட்டார்கள்.

வந்தவள் முதலில் பக்கத்துக் கூட்டை இழுத்தாள். "என் கூட்டையே சோதிக்கிறியா?" என்று அதைக் கட்டியவன் சீறினான். அவள் அதை விட்டு மஞ்சத்தலையனின் கூட்டுக்கு வந்தாள்.

ஒரே இழுப்பு. ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

போச்சு என்று நினைத்தான் மஞ்சத்தலையன். கிழிசலை உற்றுப் பார்த்தான். பிறகு சிறகை விரித்தான்.

"கோவிச்சுக்கிட்டுப் போறீங்களா?"

"இல்ல, நார் கிழிக்கப் போறேன். இந்த இடத்துல முடிச்சு சரியா விழல."

அவள் அந்தக் கிழிந்த கூட்டுக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

"நீளமான நாராப் பாத்துக் கொண்டாங்க. நான் இங்கதான் இருப்பேன்."