பின்னாலிருந்து ஒரு ரைட்

'ரைட்' என்ற சொல்லுக்கு வலது, சரி என்று இரண்டே பொருள்தான் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது தவறு. வன்மையாகக் கண்டிக்கத்தக்க தவறு. பஸ்ஸில் அதற்குப் 'போகலாம்' என்று பொருள். சண்டையில் 'உரிமை' என்று பொருள். கணவன்மார் சொன்னால் ஒரு பொருளும் கிடையாது.

"இந்த வீட்டுக்குள்ள வர உங்களுக்கு என்ன ரைட் இருக்குண்ணே?" என்றாள் டிரைவரின் மனைவி.

வாசலில் நின்ற கண்டக்டர் செருப்பைப் பார்த்தார். "ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேம்மா."

"வாங்க. அவருக்குப் பேச்சு போயிடுச்சு. இனிமே உங்களை எதிர்த்துப் பேச ஆளில்லை."

டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தவர்கள். ஒரு நாள், ஒரு பெண் படியில் கால் வைக்கும்போதே பஸ் நகர்ந்துவிட்டது. விழுந்தவளுக்குக் கை முறிந்தது.

"ரைட் கேட்டுச்சு, எடுத்தேன்" என்றார் டிரைவர்.

"நான் வாயே திறக்கலை" என்றார் கண்டக்டர்.

விசாரணையில் கண்டக்டரைத்தான் நம்பினார்கள். டிரைவருக்கு பஸ் கழுவும் வேலை கொடுத்தார்கள். அதன்பின் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இவரோடு பேசவும் இல்லை.

இப்போது டிரைவர் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில், தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் கிடந்தார். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. இடது கை மட்டும் காற்றில் எதையோ மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தது. அவர் கண்ணுக்குள் ஏதோ ஒரு நீளமான சாலை ஓடிக்கொண்டிருந்தது.

எதிரே மண்டியிட்டிருந்தார் உடற்பயிற்சி கொடுக்க வந்தவர். "ஐயா, ரைட் காலை அசைங்க. ரைட்... ரைட்..."

கால் அசையவில்லை.

"கால்ல உயிர் இருக்குங்க. இவர்தான் மனசு வைக்க மாட்டேங்கிறார். இப்படியே விட்டா நடக்கவே முடியாமப் போயிடும்."

கண்டக்டர் சுவரோடு ஒட்டி நின்றார்.

நாற்காலிக்குப் பின்னால், சமையலறை வாசலில் மனைவியின் போன் அடித்தது. மகள்.

"ம்... ம்... வரும்போது மாத்திரையும் வாங்கிட்டு வந்துடு. ரைட்டு!"

டிரைவரின் வலது பாதம் மெல்லக் கீழே அழுந்தியது. இடது கை வளைவு ஒன்றைத் திருப்பியது. எங்கோ ஒரு பஸ் கிளம்பிவிட்ட நிம்மதி முகத்தில் பரவியது.

"அசைஞ்சுது! யாரு என்ன பண்ணினீங்க?" என்று துள்ளினார் பயிற்சி கொடுப்பவர்.

கண்டக்டர் காலைப் பார்க்கவில்லை. அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் விழுந்த அன்றைக்கு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். டிக்கெட் கேட்டபோது, 'கொஞ்சம் இருங்க' என்று கையைக் காட்டினான். காதில் போன்.

கண்டக்டர் நாற்காலிக்குப் பின்னால் போய்க் குனிந்தார்.

"யோவ் டிரைவரு... நான் ரைட் சொல்லலைய்யா. அது நிஜம். ஆனா உனக்குக் கேட்டுச்சு. அதுவும் நிஜம். என் மரமண்டைக்கு இப்பத்தான் ஏறுது."

காற்றில் திரும்பிக்கொண்டிருந்த கை நின்றது. கண்ணாடியில் பின்னால் பார்ப்பதுபோல் அவர் கண்கள் மேலே உயர்ந்தன. அப்படியே காத்திருந்தன.

கண்டக்டர் நாலெட்டு பின்னால் போனார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போலாம்... ரைட்!"

பாதம் அழுத்தமாக இறங்கியது.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் டிரைவரின் மனைவி போனில் 'சரி' என்றுதான் சொல்கிறாள்.