வரையாத பகுதி

மேசையில் அன்சாரி விரித்த வரைபடத்தில், நியான் விளக்குகள் எரியும் இரண்டு நகரங்களுக்கு நடுவே பெரும் பாலைவனம் கிடந்தது. நண்பர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது; அவன்தான் அதை நடத்துபவன். திருடிய மருந்தை லாரியில் அடுத்த நகருக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் ட்ரோன்கள் சுடும், சுரங்கப்பாதையில் கொள்ளையர்கள். பிழைக்காவிட்டால், ரோஸ்லின் இத்தனை காலம் ஆடிவந்த, இயந்திரக் கை பொருத்திய ஓட்டுநர் பாத்திரம் அத்தோடு முடிந்தது. எந்த வழியில் போவது என்று நண்பர்கள் வாதாடிக்கொண்டிருக்க, ரோஸ்லின் எழுந்து, எதுவும் வரையாத வெள்ளைப் பகுதியில் விரலை வைத்தாள். "இப்படிப் போலாம்." அன்சாரி அந்த இடத்தையே பார்த்தான். "அங்க என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது, ரோஸ்." "அப்ப நீயும் வண்டில ஏறு." மற்றவர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டார்கள். அன்சாரி தன் நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டு, பகடையை அவளிடம் நீட்டினான்.