மூக்குக்குப் பரீட்சை

"இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டு. ஓரமா வெளிச்சம் தெரியுது" என்றார் அவர்.

"நான் கட்டுற கட்டுல உங்க மூக்கு நசுங்கிடாம இருக்கணும்" என்றபடி மனைவி துண்டின் முடிச்சை இழுத்தாள்.

வெளிநாட்டு விஸ்கி விற்கும் கம்பெனியில் ருசி பார்ப்பது அவர் உத்தியோகம். ஆபீசில் அவருக்குப் பெயரே 'மூக்கு'தான். இரண்டு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபியும் வெந்நீரும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. நேற்றுத்தான் குளிக்கும்போது சோப்பு லேசாக மணத்தது. நாளை வேலைக்குத் திரும்பவேண்டும். தடுமாறினால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் தயார். அதற்குத்தான் இந்த ஒத்திகை.

சாப்பாட்டு மேஜையில் மூன்று கறுப்பு பாட்டில்கள். மூன்றும் சிங்கிள் மால்ட் என்கிற ஸ்காட்ச் விஸ்கி. ஷெர்ரி என்கிற திராட்சை மது ஊறிய பீப்பாய்களில் கிடந்தவை. ஒன்று பன்னிரண்டு வருஷம், ஒன்று பதினெட்டு, ஒன்று இருபத்தைந்து.

"இப்ப எதுக்கு அத்தான் இதெல்லாம்? உடம்பு தேறட்டுமே" என்றான் மனைவியின் தம்பி. வேலை தேடி வந்தவன். வேலை கிடைக்கும்வரை என்று அங்கேயே தங்கியிருந்தான்.

"நீ ஏன்டா விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கே? பரீட்சை உனக்கா?" என்று அக்காள் அதட்டினாள்.

முதல் கோப்பையை அவர் மூக்கருகே கொண்டுபோனார். ஒரு வாய் நாக்கில் உருட்டினார்.

"உலர்ந்த திராட்சை... ஆரஞ்சுத் தோல்... பன்னெண்டு வருஷம்!"

"சரி! சரியாச் சொல்லிட்டீங்க!" மனைவி கைதட்டினாள்.

இரண்டாவது கோப்பை. அவர் முகம் சுருங்கியது.

"அதே திராட்சை. அதே தோல். இதுவும் பன்னெண்டுதானே?"

"இல்லையே... இது பதினெட்டு."

"பதினெட்டுல அத்திப்பழம் வரணும், கிராம்பு வரணும். ஒண்ணையும் காணோம். அடுத்ததைக் குடு."

மூன்றாவதை நெடுநேரம் மோந்தார்.

"இருபத்தஞ்சுன்னா பழைய மர அலமாரியத் திறந்த மாதிரி இருக்கணும். இதுவும் பன்னெண்டு மாதிரியேதான் இருக்கு. போதாக்குறைக்கு..."

"என்ன?"

"கடைசி ரெண்டுலயும் விளக்கெண்ணெய் வாடை அடிக்குது."

"நான் இவன் மூஞ்சியச் சொன்னேன்ல, அதுதான் உங்க மனசுல நின்னுடுச்சு."

"இல்லம்மா. டாக்டர் அன்னிக்கே சொன்னார். நரம்பு கெட்டுப்போனா இல்லாத வாசனையெல்லாம் வரும், அப்புறம் நம்பிக்கை வெச்சுக்காதீங்கன்னு."

துண்டை அவிழ்த்து மடித்து மேஜையில் வைத்தார். மனைவி கோப்பைகளை எடுக்கப் போனவள், எடுக்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காய்ச்சல் வந்தா எல்லாருக்கும் இப்படித்தான் அத்தான். நாளைக்கு நீங்க தாராளமா போங்க" என்றான் தம்பி.

"எதை நம்பிப் போறது மாப்ளே? ஊரைச் சிரிக்க வைக்கவா?" அவர் போனை எடுத்தார். "மானேஜர்கிட்ட நானே சொல்லிடறேன், வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லி."

எண்ணை அழுத்தப்போன கையைத் தம்பி எட்டிப் பிடித்தான்.

"வேணாம் அத்தான். போனை வெச்சிடுங்க."

"விடுடா."

"மூணு பாட்டில்லயும் பன்னெண்டு வருஷம்தான் இருக்கு."

"என்னது?"

"நீங்க படுத்திருந்தப்ப மத்த ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சமா நான்தான்... காலியாயிடுச்சு. தெரியக்கூடாதுன்னு பன்னெண்டையே ரெண்டுலயும் ஊத்தி வெச்சேன்."

"அடப்பாவி!" என்றாள் அக்காள்.

அவர் அவளைக் கையமர்த்தினார். போனை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்த விளக்கெண்ணெய் வாடை?"

"அக்கா தலைக்குத் தேய்க்கிற விளக்கெண்ணெயைப் பாட்டில்ல ஊத்துற புனல்... அதை வெச்சுத்தான் ஊத்தினேன். கழுவினேன் அத்தான், சத்தியமா ரெண்டு தடவை கழுவினேன்!"

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த வேகத்தில் தம்பி இரண்டு கன்னங்களையும் பொத்திக்கொண்டான். நெற்றியில் விழுந்தது முத்தம்.